240இசட் பிரேக்: ஹைலக்ஸ் கேலிப்பரா, பழையதையே சரிசெய்வதா?

டட்சன் 240இசட் (நிசானின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருப்பவர்களிடம் பிரேக் பேச்சை எடுத்துப் பாருங்கள். "டொயோட்டா ஹைலக்ஸ் கேலிப்பரைப் போட்டுவிடு, அப்படியே போய் உட்காரும்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் பேச்சு முடியாது. கேலிப்பர் என்பது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இருபக்கமும் பேட் வைத்துப் பிடிக்கும் பகுதி, பேட்டைத் தள்ளுவது அதிலுள்ள பிஸ்டன். அவர் சொல்வது உண்மைதான், உட்காரும். இன்னொருவர் பின்னால் டிரம் (உள்ளே ஷூ விரிந்து உரசி நிறுத்தும் வகை) இருக்கும்வரை முன்னால் என்ன போட்டாலும் வீண் என்பார், மூன்றாமவர் இந்த ஒட்டுவேலையே வேண்டாம், புது கிட் வாங்கு என்பார். மூன்று பேச்சையும் கேட்டுவிட்டு எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 260இசட், 280இசட் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான், ஆனால் 280இசட் எடை கூடிய வண்டி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கம்பெனி கொடுத்தது என்ன என்று பார்ப்போம். முன்னால் 271 மி.மீ. விட்டமுள்ள சாலிட் டிஸ்க், அதன் தடிமன் பன்னிரண்டரை மி.மீ. பக்கத்துக்கு ஒன்றாக எதிரெதிரே இரண்டு பிஸ்டன் உள்ள கேலிப்பர். பின்னால் 9 அங்குல டிரம், வெப்பம் போக வெளியே விசிறிக் கோடுகள் வைத்த அலுமினிய டிரம். ஒரு டன்னைவிடக் கொஞ்சம் கூடுதலான எடை, 14 அங்குல வீல், ஒல்லியான டயர். 1969 கடைசியில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்று இந்த வண்டி வெளிவந்தபோது இது நல்ல பிரேக்தான். இன்றைக்கு அது மோசமாகத் தெரிகிறது என்றால் பாதிக்கு மேல் காரணம் வயது, வடிவமைப்பு இல்லை. இதை ஒத்துக்கொள்ளத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை, ஏனென்றால் புதுப் பொருள் வாங்குவதில் உள்ள சுகம் பழைய ரப்பர் ஹோஸை மாற்றுவதில் கிடையாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

வெப்பம். பிரேக்கின் வேலை ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது, அவ்வளவுதான். ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்த ஏறக்குறைய 425 கிலோஜூல். அதே வண்டி 160 கி.மீ. வேகத்தில் வந்தால் 1,090 கிலோஜூல், அதாவது இரண்டரை மடங்கு. முன்பக்க டிஸ்க்கில் பேட் உரசும் வளையம் மட்டும் பார்த்தால் சக்கரத்துக்கு மூன்று கிலோ சொச்சம் இரும்புதான் தேறும். அதனால் 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை அழுத்தி நிறுத்தினாலே அந்த வளையத்தின் வெப்பம் தோராயமாக 100 டிகிரி ஏறிவிடும். சாலையில் அடுத்த நிறுத்தத்துக்குள் அது ஆறிவிடும். மலையிறக்கத்திலும் பந்தயத் தடத்திலும் ஆறாது.

நிறுத்தும் தூரம். ஒருமுறை, குளிர்ந்த பிரேக்கோடு, அவசரமாக நிறுத்தும்போது தூரத்தைத் தீர்மானிப்பது டயர். உங்கள் இப்போதைய பிரேக்கால் சக்கரத்தை லாக் செய்ய (சுழலவிடாமல் இறுக்க) முடிகிறது என்றால், எட்டுப் பிஸ்டன் போட்டாலும் முதல் நிறுத்தம் ஒரு அடிகூடக் குறையாது. பெரிய பிரேக் உதவுவது ஐந்தாவது, ஆறாவது நிறுத்தத்தில்.

முன்-பின் சமநிலை. நின்றிருக்கும்போது இந்த வண்டியின் எடை ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சக்கர இடைவெளி 2.3 மீட்டர்தான் என்பதால் நல்ல டயரோடு கடுமையாகப் பிடித்தால் எழுபது சதவீத எடை முன்னால் போய்விடுகிறது. பின் சக்கரங்கள் முன்சக்கரத்துக்கு முன்பே லாக் ஆனால் வண்டி சுழலும், இந்த வண்டியில் அதைக் காப்பாற்ற ஏபிஎஸ் எதுவும் இல்லை. முன்பக்கம் அளவுக்கு மீறினால் பின்பக்கம் சும்மா உருண்டுகொண்டிருக்கும், வண்டி நேராகப் போகும், ஆனால் டயரின் பிடியில் ஒரு பங்கு வீணாகும். இரண்டில் எது தேவலை என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் சின்ன விஷயங்கள்: பெடல் உணர்வு, வீலுக்குள் இடம், பிறகு பேட் கிடைக்குமா, சட்டம் என்ன சொல்கிறது, நாளைக்குப் பழையபடி திருப்ப முடியுமா.

## பழையதையே முழுசாகப் புதுப்பிப்பது

செய்ய வேண்டியவை: கேலிப்பரைக் கழற்றி பிஸ்டன், சீல் மாற்றுவது. நாலு ரப்பர் ஹோஸையும் மாற்றுவது. பின்னால் புது வீல் சிலிண்டர் (ஷூவைத் தள்ளுவது), ஷூ. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்புவது) கசிந்தால் அதுவும். நல்ல பேட், புது பிரேக் ஆயில்.

ஹோஸ் விஷயம் முக்கியம். ஐம்பது வயது ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கும், ஆயில் அழுத்தத்தோடு போய்விடும், ஆனால் திரும்பி வராது, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் "கேலிப்பர் போச்சு" என்று முடிவு கட்டுகிறார்கள்.

ஆயிலும் அப்படித்தான். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் குடித்த பிறகு 155 வரை இறங்கலாம். மலையிறக்கத்தில் பெடல் திடீரென்று தரைவரை போகிறது என்றால் பெரும்பாலும் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகியிருக்கிறது. பெடல் கல்லாக நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் வழுக்குகிறது. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, எந்தக் கேலிப்பர் போட்டாலும் பழைய ஆயில் கொதிக்கத்தான் செய்யும்.

பின் டிரம்மில் ஷூ தேயத்தேய இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் ஹேண்ட் பிரேக் இழுக்கும்போது வேலை செய்வது. அது துருப்பிடித்து இறுகிவிட்டால் பெடல் பாதிவரை இறங்கின பிறகுதான் பிரேக் பிடிக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஷூவைச் சரியாக நெருக்கி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், வேறு வண்டி மாதிரி இருக்கும்.

மறைசெலவு என்று பார்த்தால் இதில் நேரம்தான். துருப்பிடித்த பிரேக் பைப்பின் நட்டைக் கழற்றும்போது பைப்பே முறுக்கிக்கொண்டு உடையும், அப்போது புது பைப் வளைக்க வேண்டிவரும். பந்தய பேட் வாங்கி ஏமாறாதீர்கள், அது சூடேறின பிறகுதான் பிடிக்கும், காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முதல் சிக்னலில் அது உங்களுக்கு வேண்டாம்.

வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுபவர், வண்டியை அசலாகவே வைத்திருக்க நினைப்பவர், 14 அங்குல வீலை மாற்றாதவர் எல்லோருக்கும் இதுவே போதும். அசல் வண்டியின் மதிப்பை லேசாக எண்ணாதீர்கள். 2020 ஜனவரியில் ஒரு 1971 மாடல் 240இசட் பிரிங் எ ட்ரெய்லர் இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. எல்லா வண்டியும் அந்த விலை போகாதுதான், ஆனாலும் கழற்றிய அசல் கேலிப்பரைக் காயலாங்கடைக்குப் போடவோ, கடைக்காரரிடம் பழசுக்குப் புதுசாகக் கொடுக்கவோ கூடாது.

## ஹைலக்ஸ் எஸ்12-8 கேலிப்பர், அதே டிஸ்க்

1979 முதல் 1985 வரை வந்த டொயோட்டாவின் நாலு சக்கர இயக்க ட்ரக், உலகம் முழுக்க ஹைலக்ஸ், அமெரிக்காவில் வெறும் பிக்அப். அதன் முன் கேலிப்பரின் மேல் எஸ்12-8 என்று வார்ப்பிலேயே இருக்கும். நாலு பிஸ்டன், பேட்டும் பெரியது. போல்ட் துளைகளின் இடைவெளி இசட்டின் ஸ்ட்ரட்டோடு (முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் தூண்) ஒத்துப்போகிறது, அதனால் அடாப்டர் வேண்டாம், கம்பெனி சாலிட் டிஸ்க்கையே வைத்துக்கொள்ளலாம். டிஸ்க்குக்குப் பின்னாலிருக்கும் தூசித் தகட்டை மட்டும் வெட்டவோ கழற்றவோ வேண்டும், கேலிப்பருக்குப் போகும் சின்ன பைப்பைக் கொஞ்சம் வளைக்க வேண்டும். ஒரு பகலில் முடிகிற வேலை.

கிடைப்பது என்ன? பேட்டின் முழு நீளத்திலும் அழுத்தம் பரவுகிறது, பேட் நாள்பட வருகிறது, பெடலில் ஒரு திடம் தெரிகிறது. கிடைக்காதது என்ன? வெப்பம் தாங்கும் சக்தி. டிஸ்க் அதே மூன்று கிலோ இரும்புதான், பிஸ்டன் நாலானதால் அது குளிர்ந்துவிடாது. விளம்பரங்களிலும் பேச்சிலும் விட்டுப்போகிற இடம் இதுதான். பந்தயத் தடத்தில் பிரேக் சோர்ந்துபோகிறது என்பதற்காக இதை வாங்கினால் இன்னும் ஒன்றிரண்டு சுற்று கழித்து அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

அப்படியானால் யாருக்கு இது? கம்பெனி கேலிப்பர் துருவில் குழிவிழுந்து, எப்படியும் வேறு வாங்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு. அப்போது விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, கிடைப்பதும் நல்ல பொருள்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, இந்த வயது ட்ரக் இப்போது காயலாங்கடையில் அபூர்வம், கிடைத்தாலும் பிஸ்டன் துருப்பிடித்திருக்கும், ரிப்பேர் கிட் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் அல்லது புதுப்பித்த கேலிப்பராகவே வாங்குங்கள். இரண்டு, வார்ப்பிரும்புக் கேலிப்பர், கனமானது, அந்தக் கனம் ஸ்பிரிங்குக்குக் கீழே சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும். மூன்று, இடது வலது மாறிப் போட்டால் ஏர் எடுக்கும் நிப்பிள் கீழே வந்துவிடும், எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும், மேலே தங்கின காற்று வெளியே வராது. நிப்பிள் மேலே இருந்தால்தான் சரி.

இன்னொன்று, எந்த ஆண்டு ட்ரக்கின் கேலிப்பர் என்பதை ஒரு சீட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். நாலு வருடம் கழித்துப் பேட் வாங்கப் போகும்போது கடையில் டட்சன் என்று சொன்னால் பொருந்தாத பேட்தான் வரும்.

## எஸ்12-டபிள்யூ கேலிப்பர், 300இசட்எக்ஸ் டிஸ்க்

வெப்பத்துக்கு உண்மையான பதில் இங்கேதான் தொடங்குகிறது. எஸ்12-டபிள்யூ என்பது பின்னால் வந்த டொயோட்டா ட்ரக்குகளின் அகலமான கேலிப்பர், நடுவே காற்றோட்ட வழியுள்ள டிஸ்க்குக்கு இடம்கொடுப்பது. டிஸ்க்கை இதே இசட் வரிசையில் பின்னால் வந்த இசட்31 தலைமுறை 300இசட்எக்ஸிலிருந்து எடுக்கிறார்கள், அது 1983 கடைசியில் வந்த வண்டி. இசட்டில் டிஸ்க் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) பின்புறம் போல்ட் போட்டு நிற்பது, 300இசட்எக்ஸ் டிஸ்க்கின் ஆழம் வேறு என்பதால் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையே ஒரு ஸ்பேசர் (இடைத் தகடு) வைத்தாக வேண்டும். கேலிப்பரின் நடுவில் டிஸ்க் நேராக ஓட வேண்டும், ஒருபக்கம் சாய்ந்தால் பேட் ஒருபக்கமாகத் தேயும். இந்த ஸ்பேசரைத் தெருமுனை லேத்தில் ஏனோதானோவென்று கடையாதீர்கள். நல்ல அலுமினியத்தில், இரண்டு முகமும் இணையாக, சரியான நீளப் போல்ட்டோடு இருக்க வேண்டும். ஸ்பேசர் கோணினால் டிஸ்க் ஆடும், பெடல் துடிக்கும்.

காற்றோட்ட டிஸ்க் சுற்றும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அடுத்தடுத்து பிரேக் பிடிக்கும்போது வித்தியாசம் தெரிவது அதனால்தான்.

இப்போது மறைசெலவு. முதலாவது வீல். 14 அங்குல வீல்களில் பலதில் கேலிப்பர் இடிக்கும், 15 அங்குலத்துக்குப் போக வேண்டியிருக்கலாம், புது வீல் என்றால் புது டயர். கேலிப்பர் வாங்கும் முன்பே அதன் வடிவத்தை அட்டையில் வெட்டி வீலுக்குள் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது மாஸ்டர் சிலிண்டர். கேலிப்பரில் பிஸ்டன் பரப்பு கூடினால் அதை நிரப்பக் கூடுதல் ஆயில் வேண்டும், பெடல் கூடுதல் தூரம் இறங்கும். 240இசட்டின் மாஸ்டர் 7/8 அங்குலம். பின்னால் வந்த 280இசட்எக்ஸிலிருந்து 15/16 அங்குல மாஸ்டரை எடுத்துப் போடுவது வழக்கம். பரப்புக் கணக்கில் அது 15 சதவீதம் கூடுதல்: ஒவ்வொரு மி.மீ. பெடலுக்கும் 15 சதவீதம் கூடுதல் ஆயில், அதே அழுத்தத்துக்கு 15 சதவீதம் கூடுதல் கால் பலம். சிலர் ஒரேயடியாக 1 அங்குலம் போடுகிறார்கள், அது 31 சதவீதம், பெடல் மரக்கட்டை. "பெடல் கல்லு மாதிரி இருக்கு, சூப்பர் பிரேக்" என்று பெருமைப்படுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், பெடல் கடினமாவதும் பிரேக் நன்றாகப் பிடிப்பதும் வேறு வேறு. முதலில் பழைய மாஸ்டரோடு ஓட்டிப் பாருங்கள், பெடல் அதிகம் இறங்கினால் மட்டும் 15/16.

மாஸ்டரை மாற்றும்போது முன், பின் பைப் இணையும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்து இணையுங்கள். பூஸ்டரிலிருந்து (கால் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பகுதி) வரும் தள்ளு கம்பியின் நீளத்தையும் அளந்து சரிசெய்யுங்கள். கம்பி ஒரு மயிரிழை நீளமாக இருந்தாலும் பிரேக் முழுசாக விடாது, ஓட ஓடச் சூடேறித் தானே இறுகும்.

மலைப்பாதையில் வேகமாக ஓட்டுபவர், அவ்வப்போது தடத்தில் ஓட்டுபவர், எஞ்சினை ஏற்கெனவே பலப்படுத்தியவர், 15 அங்குல வீல் ஏற்கெனவே வைத்திருப்பவர் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

குடும்பத்துக்குள்ளேயே இன்னொரு வழியும் உண்டு, 280இசட்எக்ஸின் முன் ஸ்ட்ரட்டையே முழுசாகக் கொண்டுவந்து மாட்டுவது. காற்றோட்ட டிஸ்க் அதோடு வந்துவிடும். ஆனால் கேலிப்பர் ஒற்றைப் பிஸ்டன், இவ்வளவு கழற்றி மாட்டுவதற்கு அது ஈடில்லை.

## பின்னால் டிஸ்க்

இதற்கு அடாப்டர் பிராக்கெட் வேண்டும். கேலிப்பர் 280இசட்எக்ஸிலிருந்தோ எஸ்13 தலைமுறை நிசான் 240எஸ்எக்ஸிலிருந்தோ வரும், இரண்டிலும் ஹேண்ட் பிரேக் கேலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. கேபிளை மாற்றி அமைக்க வேண்டும், அப்படிச் செய்தும் மேட்டில் நிறுத்தினால் டிரம்மின் பிடி பல வண்டிகளில் திரும்ப வருவதில்லை.

நேராகச் சொன்னால், சாலை வண்டிக்கு இது பெரும்பாலும் அழகுக்குத்தான். முப்பது சதவீத வேலை செய்யும் பின்சக்கரத்துக்கு நல்ல நிலையிலுள்ள அலுமினிய டிரம் போதும். தடத்தில் ஓட்டுபவருக்கு மட்டும் காரணம் உண்டு: டிரம் சூடானால் விரிந்து ஷூவிலிருந்து விலகும், பெடல் நீளும். டிஸ்க் விரிந்தால் பேட்டை நோக்கித்தான் வரும்.

போடுவதென்றால் கம்பெனியின் பின் அழுத்த வால்வை (பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது) எடுத்துவிட்டு, கையால் திருகக்கூடிய வால்வை பின் லைனில் வைத்தே ஆக வேண்டும். டிரம்முக்காக மாஸ்டரில் தங்கு அழுத்த வால்வு (பெடலை விட்ட பிறகும் லைனில் சிறு அழுத்தத்தை வைத்திருப்பது) இருந்தால் அதை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பின் பேட் எப்போதும் உரசும். முன்பக்கம் கம்பெனிப் பிரேக்கை விட்டுவிட்டு பின்னால் மட்டும் டிஸ்க் போடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

## புது கிட்

வில்வுட் போன்ற கம்பெனிகளின் அலுமினியக் கேலிப்பர், பெரிய டிஸ்க், பிராக்கெட், ஹோஸ் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். எடை குறைவு, பேட் வகை ஏராளம், உதிரிப்பாகம் கடையில் கேட்டால் கிடைக்கும். விலை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம், வீலும் பெரும்பாலும் 15 அல்லது 16 அங்குலம் கேட்கும். பந்தயத்துக்கென்று செய்த கேலிப்பர் சிலவற்றில் பிஸ்டனுக்குத் தூசி உறையே இருக்காது, மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்கு அதை வாங்காதீர்கள். ஒட்டுவேலைக்கான தனித்தனிப் பொருள்களை மாதக்கணக்கில் தேடி, ஸ்பேசர், மாஸ்டர், ரிப்பேர் கிட், அனுப்பு கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தால் சில சமயம் கிட்டின் பாதி விலையைத் தாண்டிவிடும். அந்தக் கூட்டலை வாங்கும் முன் போடுங்கள்.

| | புதுப்பித்தல் | எஸ்12-8 | எஸ்12-டபிள்யூ + 300இசட்எக்ஸ் டிஸ்க் | புது கிட் |
|---|---|---|---|---|
| வெப்பம் தாங்கல் | சாலைக்குப் போதும் | டிஸ்க் அதே, சிறு லாபம் | தெளிவாகக் கூடுதல் | அதிகம் |
| வீல் | 14 அங்குலம் | பெரும்பாலும் 14லேயே நிற்கும் | 15 பாதுகாப்பு | 15 அல்லது 16 |
| மாஸ்டர் | அதே | பெரும்பாலும் அதே | 15/16 தேவைப்படலாம் | கிட்டைப் பொறுத்து |
| எடை | அதே | கூடும் | கூடும் | பெரும்பாலும் குறையும் |
| மறைசெலவு | பைப், நேரம் | ரிப்பேர் கிட், தேடல் | ஸ்பேசர், வீல், டயர் | வீல், டயர் |
| திரும்ப அசலாக்க | தேவையில்லை | தூசித் தகடு மட்டும் | எளிது | எளிது |

சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் இப்படி மாற்றினால் சோதனை நிலையத்தில் காட்டி ஆவணத்தில் பதிய வேண்டும், ஆஸ்திரேலியாவில் மாநிலத்தைப் பொறுத்துப் பொறியாளர் சான்று கேட்பார்கள். எங்கே இருந்தாலும் இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவராகவே கண்டுபிடிப்பது நல்லதல்ல.

எதைத் தேர்ந்தாலும் வரிசை மாற வேண்டாம். முதலில் டயர், ஹோஸ், ஆயில், டிரம் அட்ஜஸ்டர். அதோடு கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் என்ன குறை என்று தெரிந்த பிறகு கேலிப்பர் தேடுங்கள். பாதிப் பேர் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

மாற்றி முடித்ததும் நேரே நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். ஆளில்லாத அகலமான இடத்தில், மெதுவான வேகத்தில் பேட்டைப் பழக்கிவிட்டு, தரை காய்ந்திருக்கும்போது ஓங்கிப் பிடித்துப் பாருங்கள், வெளியே ஒருவர் நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று கவனிக்கட்டும். முன்சக்கரம் முதலில் லாக் ஆகி, பின்சக்கரம் அதற்குக் கொஞ்சம் பின்னால் வந்தால் சரி. பின்சக்கரம் முந்தினால் பின் லைன் வால்வைத் திருகி அழுத்தத்தைக் குறைத்து மறுபடி பாருங்கள், வால்வே இல்லாமல் அப்படி நடந்தால் வண்டியை வீட்டுக்கு மெதுவாகக் கொண்டுபோய் வேலையை முதலிலிருந்து சரிபாருங்கள்.